நடுக்கமும் குடலும்



நடுங்கும் கைகளோடும் தளர்ந்த குரலோடும் இறுதிவரை மக்கள்முன் தோன்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 2005 ஏப்ரல் 2 அன்று மறைந்தார். அவரைத் தளர்த்திய பார்க்கின்சன் நோயை நம் பங்குகளிலும் பல குடும்பங்கள் சுமந்து வருகின்றன.

1817-இல் இந்நோயை விவரித்து எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைத் தரும் செல்கள் அழிவதால் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை தளர்கிறது. ஆனால் பலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. இது ஏன்?

இந்நோய் குடலில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக மேலேறலாம் என்று 2003-இல் ஜெர்மன் அறிஞர் ஹைக்கோ பிராக் கூறினார். பின்னர் ஆய்வாளர்களின் கவனம் குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பக்கம் திரும்பியது. 2016-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள், இந்நோய்க்கு ஆளாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளை நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்த்தார்கள், நோய்க்குறிகள் குறைந்தன. நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை அவற்றுக்குக் கொடுத்தபோதோ, நலமானவர்களின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளைவிட அவை அதிகம் தளர்ந்தன.

மற்றோர் உண்மை 2019-இல் வெளிவந்தது. இந்நோய்க்கு முதன்மையாகத் தரப்படும் லெவோடோபா மருந்து மூளைக்குச் சென்று டோபமைனாக மாற வேண்டும். சில குடல் பாக்டீரியாக்கள் அதைக் குடலிலேயே மாற்றிவிடுகின்றன. அங்கு உண்டாகும் டோபமைன் மூளைக்குள் நுழைய முடியாது. ஒரே மாத்திரை எல்லாருக்கும் ஒரேபோல் பயன் தராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இருப்பினும் அவசரம் வேண்டாம். நுண்ணுயிர்கள்தாம் மனிதருக்கு இந்நோயை உண்டாக்குகின்றன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதுமில்லை. தயிரோ, நுண்ணுயிர் அடங்கிய மாத்திரையோ இதைக் குணப்படுத்தும் என்று யாரேனும் சொன்னால் நம்பி, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? நோயுற்ற பெரியவர்கள் மலச்சிக்கலைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். சொன்னாலும், "வயதானால் அப்படித்தான்" என்று நாம் தட்டிக்கழிக்கிறோம். அதுவும் இந்நோயின் ஒரு பகுதியே. இரைப்பையும் குடலும் மந்தமானால் மாத்திரையும் தாமதித்தே வேலை செய்யும். எனவே, மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். "கை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் நாம், "வயிறு எப்படி இருக்கிறது?" என்றும் பரிவோடு கேட்போம்.