தொட்டியில் வளருமா பவளம்?

பவளத்தைக் கல் என்றே நாம் எண்ணுகிறோம். அது சிறு உயிரினங்கள் கடல்நீரின் சுண்ணாம்புச் சத்தால் கட்டிய வீடாகும். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தில் உணவு தயாரித்துத் தருகிறது. வெளிநாடுகளில் இவற்றை வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கின்றனர். அதற்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 25 முதல் 27 டிகிரி வெப்பம், நல்ல ஒளி, ஓயாத நீரோட்டம் ஆகியவை தேவை. மான்டிபோரா போன்ற உறுதியான வகைகள்கூட, வெப்பம் மிகுந்தால் பாசியை இழந்து வெளுத்துவிடும்.

நம் நாட்டிலோ 2001ஆம் ஆண்டு முதல் கற்பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதன் விளைவாக, 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. ஆகவே தோழியரே, இறைவன் அமைத்த கடலென்னும் பெருந்தொட்டியை நாம் காப்போமாக!