பட்டாளத்தாரின் முழங்கால்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை ஷிப்டு வேளையில் போகிறவர்கள் ஆலை வாசல்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நரைத்த மீசையும் மடிப்புக் கலையாத உடுப்புமாக நிற்கும் காவற்காரர்களில் சிலர் முன்னாள் பட்டாளத்தார். அவர்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. மலைமேல் மூட்டை சுமந்த முழங்காலும், பீரங்கிச் சத்தத்தில் மந்தமான காதும் பென்ஷனோடு கூடவே வந்து சேருகின்றன.

இவர்களுடைய வைத்தியத்துக்குச் சர்க்கார் செய்திருக்கும் ஏற்பாடு அற்பமானதன்று. 2003-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தை 'ஈ.ஸி.எச்.எஸ்.' என்றால்தான் பலருக்குத் தெரியும். அங்கத்தினர் முதலில் பாலிகிளினிக்குக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள டாக்டர் சீட்டுக் கொடுத்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணம் கொடாமல் சிகிச்சை பெறலாம். மனைவிக்கும், ஆதரவில் இருக்கும் தாய் தந்தையருக்கும் இதே உரிமை உண்டு.

இதைத் தர்மம் என்று எண்ணுவோர் உண்டு. பெயரிலேயே 'பங்களிப்பு' இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. 2017-ம் ஆண்டின் இறுதியில் வகுத்த விகிதப்படி, ஹவில்தார் வரை உள்ளவர் 30,000 ரூபாயும், அதிகாரியானால் 1,20,000 ரூபாயும் ஒரே தடவையாகச் செலுத்த வேண்டும். 1996-ம் ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் யுத்த விதவைகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. மத்திய பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு 2024-25-ல் 6,968 கோடி ரூபாயும், 2025-26-ல் 8,317 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். அப்படியும் பில் தொகை காலத்தில் வருவதில்லை என்று ஆஸ்பத்திரிகள் முறையிடுவது நின்றபாடில்லை.

ஆனால் என் கவலை பெரிய ஆபரேஷனைப் பற்றியதன்று. அது எப்படியாவது நடந்துவிடும். முழங்கால் மூட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. மாற்றிய மூட்டை மடக்கி நீட்டி நடக்கப் பழக்குவதோ பல வாரத்து வேலை. இயன்முறை சிகிச்சை, காது கேட்கும் கருவியைச் சரிப்படுத்துதல், பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சுப் பயிற்சி இவையெல்லாம் ஒரு தடவையோடு தீர்ந்துவிடுமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நொண்டும் காலுடன் மின்சார ரயிலேறி, வாரம் மூன்று நாள் போய் வரவேண்டுமென்றால் அந்த மூன்று நாள் கூலியும் போய்விடும். நான்காம் வாரம் மனிதர் பயிற்சியையே விட்டுவிடுவார். லட்சக்கணக்கில் செலவழித்த ஆபரேஷன், சில நூறு ரூபாய்ப் பயிற்சிக்கு வழியின்றிப் பாதிப் பலனோடு நின்றுவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல், டாக்டர் தரும் ஒரு சீட்டு 12 தடவை சிகிச்சைக்கு, அல்லது ஓராண்டுக்கு, எது முன்னதோ அதுவரை செல்லும். பிறகு டாக்டர் பார்த்துத் தேவையானால் புதிய சீட்டுத் தருகிறார். அவ்வளவு தூரம் போவானேன்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையாளரை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகிறது. ராஜ்ய சர்க்கார் கிராமத்துக்கு அனுப்பும்போது, மத்திய சர்க்கார் கும்மிடிப்பூண்டியிலேயே உள்ள ஒரு சிகிச்சையாளரைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதில் என்ன தடை?

அது நடக்கும் வரையில் இல்லங்களில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பட்டாளத்தார் காலமான பின், குடும்பப் பென்ஷன் பெறும் மனைவிக்கும் இத்திட்டத்தில் இடமுண்டு என்பதை அறியாத பெண்மணிகள் இருக்கிறார்கள். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் எடுத்துக்கொண்டு, திருவள்ளூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு முறை விசாரிக்கட்டும்.