பாலத்தை எடுத்தார்கள், அருவி தெரிந்தது

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கிரீன்வில் நகரின் நடுவே ஓர் அருவி இருக்கிறது. அதற்கு எதிரே வளைந்து செல்லும் லிபர்ட்டி பாலத்தில் நடந்து செல்ல மட்டுமே அனுமதி. நீளம் சுமார் 108 மீட்டர். கான்கிரீட் தளத்தின் கனம் 20 சென்டிமீட்டர்தான். கம்பிவடங்கள் அதை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தூக்கிப் பிடித்திருக்கின்றன. அருவியை நோக்கிய பக்கத்தில் தூணும் இல்லை, வடமும் இல்லை. பிடிப்பில்லாத அந்தப் பக்கமாகப் பாலம் ஏன் கவிழவில்லை?

அதன் வளைவில்தான் விடை இருக்கிறது. பழைய சைக்கிள் டயரில் ஒரு துண்டை வெட்டி நேராக நீட்டினால், எந்தப் பக்கமும் எளிதாகத் திருகலாம். வெட்டாத முழு டயரை உள்வெளியாகப் புரட்டிப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். வளைந்த ஒன்று சாய வேண்டுமானால் அதன் ஒரு விளிம்பு நீள வேண்டும், இன்னொரு விளிம்பு சுருங்க வேண்டும். கான்கிரீட் சுருங்க மறுக்கிறது, எஃகு நீள மறுக்கிறது. கவிழ்க்கப் பார்க்கும் விசை, பாலத்தின் நீளவாக்கில் இழுவையாகவும் அழுத்தமாகவும் மாறி அடங்கிவிடுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் ஷ்லைக் 1980களிலேயே கெல்ஹைம் நகரில் இப்படியொரு வளைந்த நடைபாலத்தைக் கட்டிக் காட்டியிருந்தார். கிரீன்வில் பாலத்தை வடிவமைத்தவர் மிகெல் ரொசாலிஸ். அவர் இந்தக் கணக்கைப் பயன்படுத்தியது அருவியை எதுவும் மறைக்கக் கூடாது என்பதற்காக.

ஏனென்றால் அந்த அருவி ஏற்கெனவே நாற்பது ஆண்டு மறைந்து கிடந்திருந்தது. ஊர் பிறந்ததே ரீடி ஆறு பாறைகளில் இறங்கும் அந்த இடத்தில்தான். நீர் விழும் விசையில் சக்கரம் சுழலும் என்பதால் 18ஆம் நூற்றாண்டில் முதலில் மாவு ஆலை வந்தது. பின்னர் பருத்தி ஆலைகள் வந்தன. அன்றைக்கு ஆலையில் என்ன சாயமோ, ஆறும் அந்த நிறத்தில் ஓடியது. நம் நொய்யல் ஆற்றின் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960இல் அருவிக்கு நேர் மேலேயே நான்குவழிச் சாலைப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஊருக்குள் அருவி இருப்பதே தெரியாமல் அதன்மீது காரோட்டி ஒரு தலைமுறை வளர்ந்தது.

1967இல் உள்ளூர்த் தோட்டச் சங்கம் அந்தக் கரையைச் சீராக்கும் வேலையைத் தொடங்கியது. 1995இல் மேயரான நாக்ஸ் வைட், அந்தச் சாலைப் பாலத்தையே அகற்ற வேண்டும் என்றார். நன்றாக இருக்கும் பாலத்தை இடிப்பதா, போக்குவரத்து என்னாவது என்று எதிர்ப்பு எழுந்தது. 2002இல் பாலம் போனது, 2004இல் அருவிக்கரையில் பூங்கா திறந்தது. நகரங்கள் பூங்கா என்றதும் செயற்கை நீரூற்றுக்கும் சிமென்ட் சிலைக்கும் டெண்டர் விடுகின்றன. சொந்த மண்ணில் எது புதைந்து கிடக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்த இந்தச் சிற்றூர் எனக்குப் பெரிய ஊராகத் தெரிகிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 71 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

அந்தத் தேடலில் அடுத்துக் கிடைத்தது ஒரு ரயில் பாதை. மலை தாண்டி டென்னஸி வரை போகவென்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பாதை அது, மலையைத் தாண்டவே இல்லை. ‘சதுப்பு முயல்’ என்பது அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர். 2009இல் அந்தத் தடமே ஸ்வாம்ப் ராபிட் டிரெயில் என்ற நடைபாதையானது. இன்று அதன் நீளம் 35 கிலோமீட்டரைத் தாண்டும்.

ரயில் பாதை நடப்பதற்கு ஏன் இவ்வளவு சுகம்? எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்திக்கொண்டே இருக்க ஓரிரு கிலோ இழுவிசை போதும். நூறு அடிக்கு ஓரடி ஏறினாலே அதோடு இன்னும் பத்துக் கிலோ சேர்ந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஏற்றம், இழுக்க வேண்டிய விசையைப் பல மடங்காக்கிவிடுகிறது. அதனால்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிச் சரிவை மட்டுப்படுத்தினார்கள். நீராவி எஞ்சினுக்காக அவர்கள் பட்ட பாடு, இன்று சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முழங்கால் வலியோடு நடப்பவருக்கும் உதவுகிறது.

2022இல் அந்தத் தடத்தை ஒட்டி 60 ஏக்கரில் யூனிட்டி பூங்கா திறக்கப்பட்டது. அங்கே முன்பு கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒரு விளையாட்டுப் பூங்கா இருந்தது. 1930களில் அதன் ஒரு பகுதியைப் பறித்து வெள்ளையருக்கான பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அநீதியை நகரம் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பூங்கா வந்தால் சுற்றிலும் நிலவிலையும் வாடகையும் ஏறும், தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களே முதலில் வெளியேற நேரும். அதைத் தடுக்க, பூங்காவை ஒட்டிய தன் நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கென்று நகராட்சி ஒதுக்கியிருக்கிறது.