வேலியோரத்துக் கீரை: சமைத்துச் சாப்பிடுங்கள், சாறு குடிக்காதீர்கள்!



அஸ்பாரகஸ் என்றொரு காய்கறி உண்டு. நிமிர்ந்து வளரும் இளந்தண்டைத்தான் சாப்பிடுவார்கள். குளிர்நாட்டுச் சரக்கு, ஒரு சின்னக் கட்டு வாங்கவே நம் சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. அதற்காக ஏங்க வேண்டாம். நம் வீட்டு வேலியோரம் வளரும் சேக்கூர் மானிஸ் கீரையின் கொழுந்துத் தண்டும் ஏறக்குறைய அதே ருசிதான். சபாவில் தண்டோடு சேர்த்தே பிரட்டுவார்கள். தமிழ்நாட்டில் இதற்குத் தவசிக்கீரை என்று பெயர்.

என்ன சத்து?

புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வைட்டமின் சி, கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ எல்லாம் இதில் உண்டு. ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும்.

எப்படி வைப்பது?

பறித்த அன்றே சமைப்பது உத்தமம். முடியாவிட்டால், கழுவாமல் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், மறுநாள் தீர்த்துவிடுங்கள். களைக்கொல்லி அடித்த இடத்துக் கீரையைத் தொடவே தொடாதீர்கள். கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

எப்படிச் சமைப்பது?

இலையை உருவிக் கழுவி, உப்புத் தூவிக் கையால் கசக்கினால் பச்சை வாடை போகும். நெத்திலி, வெங்காயம், மிளகாய் இடித்துப் போட்டுத் தேங்காய்ப்பாலில் நன்றாக வேகவிடுங்கள். கொழுப்பு சேர்ந்தால்தான் வைட்டமின் ஏ உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

முக்கிய எச்சரிக்கை

1994, 1995ஆம் ஆண்டுகளில் தைவானில் பலர், உடம்பு இளைக்கும் என்று நம்பி, இந்தக் கீரையைச் சமைக்காமல் அரைத்து, பழச்சாறு கலந்து வாரக்கணக்கில் குடித்தார்கள். நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொண்டன. சிலர் இறந்தே போனார்கள். பிழைத்தவர்களில் பலருக்கும் மூச்சு பழையபடி திரும்பவில்லை. மருந்து கொடுத்தும் பலனில்லை.

நம் பெரியவர்கள் இதை வேகவைத்து, குழம்போடு ஒரு கை அளவுதான் சாப்பிட்டார்கள். அந்த வழக்கமே நல்லது. இனிப்புநீருக்கு நல்லது, எடை குறையும் என்று யார் பச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே குடித்து வருபவருக்கு இருமல், மூச்சிரைப்பு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போகட்டும். எந்த இலையை, எத்தனை நாள் குடித்தார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.