கொதிக்கும் காரை ஓட்டாதீர்கள்!

மலைப்பாதையில் பழைய அம்பாசிடர் கார் ஏறுகிறது. என்ஜின் கொதிக்கிறது. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே!" என்று ஓட்டுகிறார் ஒருவர்.

அந்த நாலு கிலோமீட்டரில் 'ஹெட் கேஸ்கட்' போய்விடும்!

அது என்ன?

என்ஜினின் அடிப்பாகம் பிளாக். அதன்மேல் மூடிபோல் உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடுதான் கேஸ்கட். சிலிண்டரில் எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் கலந்துவிடாமல் அது காக்கிறது.

அது போய்விட்டால் ரேடியேட்டர் தண்ணீர் குறையும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் பால் கலந்த காபி போல் ஆகிவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்!

தகடு மட்டும் போதுமா?

"புதுத் தகடு போட்டால் சரி" என்பார்கள். போதாது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கலாம். நேரான இரும்புச் சட்டத்தை அதன்மேல் வைத்து, இடைவெளியை 'பீலர் கேஜ்' கொண்டு பார்க்கவேண்டும். வளைந்திருந்தால் பட்டறையில் சமப்படுத்த வேண்டும்.

நட்டுகளை நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்கவேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் தகடு சீராகப் படியாது. அளவு காட்டும் 'டார்க் ரெஞ்ச்' அவசியம். கைக்கணக்கு உதவாது. பிறகு வால்வு இடைவெளியைச் சரிசெய்து, கெட்ட ஆயிலையும் மாற்றவேண்டும்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இருக்கும் என்ஜினைத்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே காரை எடுக்குமுன் மெக்கானிக்கிடம், "ஏன் கொதித்தது?" என்று கேளுங்கள். ரேடியேட்டர் அடைப்பா, விசிறி பெல்ட் தளர்ச்சியா? அதைச் சரிசெய்யாவிட்டால் புதுத் தகடும் போய்விடும்.