கரம் பலகை: மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், தட்டிப் பாருங்கள்

நெல்லியடியில் சாமான் கடை வைத்திருக்கும் நமது சகோதரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குக் கரம் பலகை வாங்க வந்தார். பொலித்தீன் உறைக்குள் கண்ணாடிபோல் மினுங்கிய ஒன்றைக் காட்டி, "நானா, இதைக் கட்டித் தாங்கோ" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர்" என்று கடைக்காரர் உறையைக் கிழித்து, பலகையை நிலத்தில் வைத்து ஸ்ட்ரைக்கரைத் தட்டினார். நேரே போக வேண்டியது ஒரு மூலைக்கு வளைந்தது. நிலத்தின் சரிவாக இருக்கலாம் என்று பலகையை அரைவட்டம் திருப்பி வைத்துத் தட்டினார். மறுபடியும் பலகையின் அதே மூலைக்கே போனது. "இது வளைஞ்ச பலகை மாஸ்டர், வேணாம்."

அடுத்ததில் மினுக்கம் குறைவு, விலை கூட. மாஸ்டர் அதைத்தான் வாங்கினார். வளைந்ததன் மேல் "வளைவு உண்டு" என்று எழுதி, விலையைக் குறைத்து ஒரு பக்கம் சாய்த்தார் கடைக்காரர்.

அவர் செய்த சோதனையை யாரும் செய்யலாம். 1988இல் உருவான சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதியில் இதைவிடக் கடுமையான சோதனை உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழுப் பலத்துடன் அடித்தால் அது பலகையின் இரு பக்கங்களுக்கும் இடையே மூன்றரைத் தடவை ஓட வேண்டும். ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் சதுரம். பலகையின் தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. குழியின் விட்டம் சுமார் 4.45 சென்ரிமீற்றர். சட்டத்தையும் சேர்த்தால் பலகை ஏறத்தாழ மூன்றடிச் சதுரம். வீட்டில் அதற்கு இடமுண்டா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இந்த அளவு தேவையில்லை, சிறியது போதும்.

மேற்பரப்பைவிட அடிப்பக்கந்தான் உண்மை பேசும். பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் இல்லாத மெல்லிய பிளைவூட் மாரிகால ஈரத்தில் வளையும். விரலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. நான்கு மூலைப் பொருத்துகளிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கறுப்புப் பெயின்றுக்கு அடியில் புட்டி வைத்து இடைவெளியை மறைத்திருந்தால் சில மாதங்களில் அது உதிரும். சட்டம் நன்கு காய்ந்த வைர மரமாக இருக்க வேண்டும். மென்மரத்தில் பட்ட காய் துள்ளித் திரும்பாமல் செத்து நிற்கும்.

வாங்கிய பின் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சுவரில் சரித்து வைத்து மாதக்கணக்கில் மறந்துவிடவும் வேண்டாம். கரம் பவுடராக விற்கப்படுவது பெரும்பாலும் போரிக் அமிலம். வயிற்றுக்குள் போனால் நஞ்சு; தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதைப் பூட்டி வையுங்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்ற நிஷாந்த பெர்னாண்டோ நம் நாட்டவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ சாரதி ஒருவரின் மகள். கோணல் பலகையில் பழகும் பிள்ளையின் கையும் கோணலாகத்தான் பழகும். (பணம் வைத்து ஆடினால் அது சூது. அந்தப் பலகை எவ்வளவு நல்லதாயினும் வீட்டுக்கு வேண்டாம்.)

உறையைப் பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். பொருளை ஏற்றுக்கொள்ளுமுன் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. நம் வியாபாரிகளுக்கு அதற்கும் முந்திய ஏவல் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை அறியாதவர் யார்? பொலித்தீன் உறையும் ஒரு குவியல்தான். மறைத்து விற்ற குறையைப் பின்னர் கண்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் ஷரீஅத் வாங்கியவருக்குத் தருகிறது.

ஆனால் நேர்மைக்கும் செலவுண்டு. "கொழும்புச் சரக்கு நானா. திருப்பி அனுப்பினா லொறிக் கூலியிலயே லாபம் போயிடும்" என்றார் நெல்லியடிச் சகோதரர். இப்போது அவர் மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்கிறாராம்: சரக்கு இறங்கிய அன்றே எல்லாவற்றையும் பிரித்துத் தட்டிப் பார்ப்பது, வளைந்தவற்றின் விலையை அடுத்த பில்லில் கழிப்பது. மொத்த வியாபாரி முதலில் முறைத்தாராம். பிறகு ஒத்துக்கொண்டாராம்.