ஒட்டடைக் கம்பும் ஒரு ஸ்பேனர்தான்!

மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை கால்?

"இது என்ன கேள்வி? அதற்கு இரண்டு சக்கரம்தானே உண்டு!" என்பீர்கள்.

முன் சக்கரத்தைக் கவனித்துப் பாருங்கள். அதன் இரு பக்கமும் இரண்டு குழாய்கள் இறங்கி வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சிறுவர்கள் உண்டிவில் செய்வதற்கு வெட்டும் கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும். இதற்கு 'போர்க்' என்று பெயர். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் 'கால்' என்றுதான் சொல்வார். அதுவே நல்ல பெயராகத் தோன்றுகிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் மடங்கிக் கொடுப்பதும், உடனே நிமிர்ந்து கொள்வதும் இந்தக் கால்கள்தான்.

என் வண்டியின் ஒரு காலில் எண்ணெய் கசிந்தது. ஒரு பட்டறையில் விட்டேன். புதிய 'சீல்' போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்தே நாள்! மறுபடியும் கசிவு. "சொட்டு எண்ணெய்தானே, போகட்டும்" என்று நானும் துணியால் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் மாலை. பின்னால் என் மகள் உட்கார்ந்து இருந்தாள். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை! வழுக்கிக்கொண்டே போனது. லாரி டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் நாங்கள் பிழைத்தோம். லாரியின் சக்கரத்துக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

மகள் அழவில்லை. "அப்பா, ஏன் நிற்கலே?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் நிற்கவில்லை?

காலில் இருந்து கசிந்த எண்ணெய், கீழே இருந்த பிரேக் கட்டையில் ஊறிவிட்டது. எண்ணெய் ஊறிய கட்டை எதைப் பிடிக்கும்? அந்தக் கட்டையைக் கழுவியும் பயன் இல்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

காலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பெரிய குழாய்க்குள் ஒரு சிறிய குழாய் ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால், பள்ளத்தில் விழுந்த வண்டி குதிரைபோலக் குதித்துக்கொண்டே போகும். அடியில் ஓட்டை போட்ட ஒரு மெல்லிய குழாய் உண்டு. எண்ணெய் அந்த ஓட்டை வழியாக நெருக்கிக்கொண்டு போய் வருகிறது. அதனால் குதிப்பு அடங்குகிறது. எண்ணெய் வெளியே வராமல் வாயை அடைத்துக்கொண்டு இருக்கும் ரப்பர் வளையம்தான் சீல்.

முன்காலத்து மோட்டார் சைக்கிள்களில் இந்தக் குழாய்கள் கிடையாது. இரும்புச் சட்டமும் வெளியே தெரியும் ஒரு ஸ்பிரிங்கும்தான் இருக்கும். 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, எண்ணெயால் குதிப்பை அடக்கும் குழாய்க் கால்களை 'ஆர் 12' என்ற வண்டியில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியபோது, நம் ஊர் புல்லட்டுக்கும் குழாய்க் கால்கள்தான்.

பெட்டிக்குள் குப்பை!

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பெரியவர் ஒருவர் பட்டறை வைத்து இருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

துண்டுக் குழாய்கள், மரக்கட்டைகள், மருந்து ஊசிக் குழல், ஒரு பால் புட்டி, ஒரு சவுக்குக் கம்பு!

"கம்பெனியில் இதற்கெல்லாம் தனித்தனிக் கருவி உண்டு, தம்பி. வண்டிக்கு வண்டி மாறும். எல்லாவற்றையும் வாங்க நான் எங்கே போவேன்? கருவி என்ன வேலை செய்கிறது என்று பார். அந்த வேலையைச் செய்கிற பொருள் வீட்டிலேயே இருக்கும்" என்றார்.

ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார். பழைய மூடித் திருகு ஒன்றின் தலையில் கம்பியைப் பற்ற வைத்து இருந்தது. பழைய இங்கிலாந்து வண்டியான பி.எஸ்.ஏ.யில், சிறிய குழாயின் மேல்முனை ஆப்பு மாதிரிச் சரிந்து மேல் தட்டில் இறுகி நிற்கும். அதை மேலே இழுத்துப் பொருத்த இந்தக் கம்பி வேண்டும். இங்கிலாந்தில் பழைய வண்டி வைத்து இருப்பவர்களும் இப்படித்தான் செய்து கொள்கிறார்கள்.

"ஒரு காலை நான் பார்க்கிறேன். இன்னொன்று உன் வேலை" என்றார் பெரியவர்.

எனக்கு வேர்த்துவிட்டது!

சுழலும் திருகு

எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தைக் கழற்றினார். காலின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் இரண்டு குழாயும் பிரியும். ஆனால் திருகைச் சுற்றினால், உள்ளே இருக்கும் மெல்லிய குழாயும் கூடவே சுற்றும். நாள் முழுவதும் சுற்றினாலும் கழலாது!

பெரியவர் மேல் மூடியைத் திறக்கவே இல்லை. ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே அடித் திருகைத் தளர்த்தினார். ஸ்பிரிங் அந்த மெல்லிய குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டது. திருகு கழன்றது. ஒரு கருவியும் தேவைப்படவில்லை.

என் கால் அப்படி எளிதில் மசியவில்லை. திருகு சுழன்றுகொண்டே இருந்தது. அப்போதுதான் சவுக்குக் கம்பு வந்தது. அது ஒட்டடை அடிக்கிற கம்பு. முனையைப் பென்சில்போலச் சீவி இருந்தார்.

மேல் மூடியைக் கழற்றச் சொன்னார். இங்கே கவனம் வேண்டும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் மூடியைத் துப்பாக்கிக் குண்டுபோலத் தள்ளும். முகத்தை விலக்கி, துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கழற்றினேன். ஸ்பிரிங்கை எடுத்தேன். எண்ணெயை வடித்தேன். கறுப்பாக, நாற்றமாக வந்தது. காலைச் சைக்கிள் டியூபில் சுற்றி வைஸில் பிடித்தோம். கம்பை மேலிருந்து விட்டு, மெல்லிய குழாயின் வாயில் தட்டி இறுக்கினோம். உதவியாள் கம்பை அழுத்திப் பிடித்தார். நான் அடியில் திருகினேன். 'டக்' என்று கழன்றது!

"கம்பு வழுக்கினால்?" என்று கேட்டேன்.

"டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அந்தக் குழாயின் தலையில் ஆறு மூலைப் பள்ளம் இருக்கும். அதே அளவு தலை உள்ள போல்ட்டை ஒரு நீளக் கம்பியில் பற்றவைத்து உள்ளே விட்டால் போதும்" என்றார்.

குற்றவாளி யார்?

முன்பு போட்ட சீல் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர் முகம் சுளித்தார். அதன் விளிம்பில் நான்கு இடத்தில் நசுங்கல். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றி இருக்கிறார்கள். ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் தூக்கி நின்று இருக்கிறது. பதினைந்து நாள் தாங்கியதே பெரிது!

சிறிய குழாயை ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டினார். கோணல் இருந்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். இல்லை. பிறகு பஞ்சால் மேலும் கீழும் தடவச் சொன்னார். துருப் பள்ளம் இருந்தால் பஞ்சு இழை சிக்குமாம். பள்ளம் ஆழமாக இருந்தால் குழாயையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை புதிய சீல் போட்டாலும் கிழித்துவிடும். என் நல்ல காலம், சிக்கவில்லை.

புதிய சீல் ஏற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. 40 மில்லி மீட்டர் பிளாஸ்டிக் குழாய். என் வண்டிக்கு அது சரி. வேறு வண்டிக்கு வேறு அளவு. சிறிய குழாயைவிட அகலமாகவும், சீலின் வெளி விளிம்பைவிடச் சற்றுக் குறுகலாகவும் இருக்க வேண்டும். வெட்டு நேராக இல்லாவிட்டால் சீல் மறுபடியும் சரியும். ஒரு காகிதத்தைக் குழாயில் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, அந்த ஓரமாகவே அறுத்து இருந்தார்.

சிறிய குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி எண்ணெய் தடவினோம். சீலின் உதடு வெட்டுப்படாமல் இருக்க இது அவசியம். புதிய சீல் மேல் பழைய சீலை வைத்து, தண்ணீர்க் குழாயால் தட்டினேன். முதலில் 'தொப், தொப்' என்ற சத்தம். திடீரென்று 'டங்' என்று மாறியது. "உட்கார்ந்துவிட்டது. நிறுத்து!" என்றார். பூட்டுக் கம்பிக்கு உரிய பள்ளமும் முழுவதும் தெரிந்தது.

எண்ணெயை அளக்கப் பால் புட்டி. (இனிமேல் அது பாலுக்கு ஆகாது.) வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்ட அளவைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டு காலுக்கும் சமமாக இருக்க வேண்டும்.

சக்கரத்தின் அச்சு நட்டை இறுக்குவதற்குப் பெரியவர் எடுத்தது, பழைய பேப்பர்காரர் வைத்து இருக்கும் தொங்கு தராசு! புத்தகத்தில் 6 கிலோகிராம் மீட்டர் என்று போட்டு இருந்தால், நட்டில் இருந்து 30 சென்டி மீட்டர் தூரத்தில் ஸ்பேனரில் தராசை மாட்டி, நேர்க் குத்தாக 20 கிலோ வரும்வரை இழுத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குக்கு இப்போதுதான் எனக்கு வேலை வந்தது.

புதிய பிரேக் கட்டை மட்டும் கடையில் வாங்கியது. "இதில் வீட்டு வைத்தியம் கிடையாது" என்றார் பெரியவர்.

அன்று இரவு வண்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பத்திரிகையை விரித்து வைத்தேன். காலையில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.

"இன்றைக்குப் பேப்பர் வரவில்லையா?" என்று உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள்.

"நேற்றுப் பேப்பர்தான் இருக்கிறது!" என்றேன்.

"அதைத்தான் நான் இன்னும் படிக்கவில்லை. ஒட்டடைக் கம்பை ஏன் அறையில் வைத்துப் பூட்டி இருக்கிறீர்கள்?" என்றாள்.